எழுப்பிப்போடலாமுங்க

போத்தனூரில் பிறந்தவர்களுக்கு ரயில் சத்தத்தில் தூங்கத் தெரியும். கூட்ஸ் வண்டிக்குப் பெட்டி கோக்கும்போது அடுப்படியில் பாத்திரமெல்லாம் நடுங்கும். நாங்கள் புரண்டுகூடப் படுக்க மாட்டோம். எனக்கும் அந்த வரம் இருந்தது. ஐம்பதை நெருங்கும்போது அது சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. இரவெல்லாம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். பக்கத்தில் வீட்டுக்காரர் நிம்மதியாகக் குறட்டை விடுவார். கிள்ளி வைக்கலாமா என்று தோன்றும். ஒன்றிரண்டு தடவை கிள்ளியும் இருக்கிறேன்.

டாக்டரம்மா மாத்திரை எழுதித் தரவில்லை. "இந்த வயசுல அப்படித்தானுங்க இருக்கும். ஒடம்பு அசர்ற மாதிரி எதாச்சும் செய்யுங்க. சைக்கிள் ஓட்டத் தெரியுமுங்களா?" என்று கேட்டார். தெரியும் என்று சொல்லிவிட்டேன். கல்லூரிக்குப் போன சைக்கிளோடு அந்த வித்தை நின்றுபோனது என்பதைச் சொல்லவில்லை. அப்படித்தான் நான் மறுபடியும் சைக்கிள் ஏறினேன். தூக்கம் வரவில்லை. கால் வலிதான் வந்தது. ஆனாலும் விடிகாலையில் ரயில்வே காலனித் தெருக்களில் ஆள் இல்லாத சாலையில் மிதித்துப் போவது பிடித்துப்போயிற்று. பாதித் தூக்கத்தில் இருக்கிற ஊரைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

நான் வேலை பார்ப்பது பெரியநாயக்கன்பாளையம் பக்கம், பம்ப் செட் செய்கிற ஒரு கம்பெனியின் ஆபீசில். எங்கள் ஆட்கள் வருடத்துக்கு ஒரு தடவை சைக்கிளில் கிளம்பி, கிராமத்துப் பாலர் பள்ளிகளுக்காகப் பணம் திரட்டுவார்கள். டீலர்களும் தெரிந்தவர்களும், ஆட்கள் மிதிக்கிற தூரத்துக்கு இவ்வளவு பணம் தருவதாக ஏற்றுக்கொள்வார்கள். அந்தப் பள்ளிகளை நடத்துவது அந்தந்த ஊர்த் தாய்மார்கள்தான். ஓர் இடம் பார்த்து, அந்த ஊரிலேயே படித்த ஒரு பெண்ணை டீச்சராக வைத்து, ஆளுக்கொரு நாள் சமையலுக்கு நின்று நடத்துகிறார்கள். டீச்சர்களோடு போனில் பேசி என்ன வேண்டும் என்று கேட்டுச் செய்வது என் பொறுப்பு. இத்தனை வருடமும் போனில் பேசியதோடு சரி. இந்த முறைதான், சைக்கிள் வந்த தைரியத்தில், நானும் பேர் கொடுத்தேன்.

ஆடி மாதம், சனிக்கிழமை. போத்தனூரிலிருந்து கிளம்பி, செட்டிபாளையம், கிணத்துக்கடவு வழியாகப் பொள்ளாச்சி போய், அதையும் தாண்டி ஒரு தென்னந்தோப்புக்குள் இருக்கிற பள்ளியில் போய் நிற்க வேண்டும். கொப்பரை காயவைக்கிற களத்தை ஒட்டிய கட்டடம் என்பதால் எல்லோரும் அதைக் களத்துப் பள்ளி என்பார்கள். பக்கத்தில் தேங்காய் நார் மில் ஒன்று இருக்கிறது. அங்கே வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள்தான் படிக்கிறார்கள். பாதிப் பேர் உள்ளூர், பாதிப் பேர் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம்.

ரயில்வே பாலத்துக்குக் கீழே டீ குடித்துக்கொண்டு நின்றபோது சின்னவர் என் பக்கத்தில் வந்தார். கம்பெனி முதலாளியைப் பெரியவர் என்போம், அவர் மகனைச் சின்னவர் என்போம். இவர் டவுசர் போட்ட காலத்தில் ஆபீசுக்கு வந்து என் மேஜையில் ஸ்டாப்ளர் பின்னையெல்லாம் தீர்த்துவிட்டுப் போவார். அதனால் ஆபீசில் சார், வெளியே தம்பி. இப்போது அவர்தான் இந்த சைக்கிள் பயணத்துக்கு எல்லாம். அன்றைக்கு அவர் போட்டிருந்த உடம்பை ஒட்டிய கறுப்பு உடுப்பைப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் சுடிதாருக்கு மேலே கம்பெனி பனியனை மாட்டிக்கொண்டு நின்றேன். அதைப் பார்த்து அவர் சிரித்திருப்பார்.

"அக்கா, அந்தக் களத்துப் பள்ளிக்கூடத்த இந்த வருசத்தோட நிறுத்திப்போடலாம்னு இருக்கேனுங்க," என்றார்.

டீயைக் கீழே வைத்தேன். "ஏனுங்க தம்பி?"

"போன தடவ மேனேஜர் போய்ப் பாத்தாருங்களா, புள்ளைங்க பூராவும் தூங்கிட்டுக் கெடந்துச்சாமுங்க. தூங்கறதுக்கு எதுக்குங்க பள்ளிக்கூடம்?"

"அவரு மத்தியானம் போனா அதுங்க தூங்காம என்ன பண்ணும்? அவரே ஆபீஸ்ல மத்தியானம் என்ன பண்றாருன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

சின்னவர் சிரித்தார். "அதுக்குத்தானுங்க நாமளே நேர்ல போறோம். காலைல நேரமே போய்ச் சேந்துட்டா பாட்டு, கதை எல்லாம் பாத்துரலாம். பாத்துப்போட்டு முடிவு பண்ணிக்கலாமுங்க."

இந்த 'லாமுங்க'வைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் முகத்துக்கு நேராக முடியாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கடன் கேட்டாலும் பெண் கேட்டாலும் 'பாக்கலாமுங்க' என்பார்கள். கேட்டவரும் காபியைக் குடித்துவிட்டுப் புரிந்துகொண்டு எழுந்து போவார். சரி என்றாலும் ஓர் 'ங்க', இல்லை என்றாலும் ஓர் 'ங்க'. எது எது என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சின்னவர் 'பண்ணிக்கலாமுங்க' என்ற குரலிலேயே எனக்கு விளங்கிவிட்டது. அவர் முடிவு பண்ணிவிட்டார். போய்ப் பார்ப்பதெல்லாம் மரியாதைக்கு.

அந்த டீச்சரை நான் பார்த்ததில்லை, குரல்தான் தெரியும். எப்போது பேசினாலும் பக்கத்தில் குழந்தை தூங்குவது போல மெல்லத்தான் பேசுவாள். பள்ளி வருவதற்கு முன்னால் பிள்ளைகள் நார்க் குவியலில் விளையாடிக்கொண்டு மிஷின் பக்கத்திலேயே கிடக்கும் என்று ஒருமுறை சொல்லியிருந்தாள். பள்ளி நின்றால் திரும்பவும் அங்கேதான் போகும். சைக்கிளில் ஏறுவதற்கு முன்னால் அவளுக்குப் போன் போட்டேன். "அம்மணி, பத்து மணிக்குள்ள வந்துருவோம். புள்ளைங்க முழிச்சு, நல்லாப் பாட்டுப் பாடோணும். இன்னிக்கு ரொம்ப முக்கியம்," என்றேன். ஏன் முக்கியம் என்று சொல்ல நாக்கு வரவில்லை.

"பாடுமுங்கக்கா. எல்லாத்துக்கும் காயிதத்துல கிரீடம் செஞ்சு வெச்சிருக்கேன்," என்றாள்.

ஒரு பத்துப் பன்னிரண்டு பேர் கிளம்பினோம். செட்டிபாளையம் தாண்டியதும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வலது பக்கத்திலிருந்து வந்து பிடித்துக்கொண்டது. ஆடிக் காற்று யாரையும் தனியாக விடாது. சைக்கிளைச் சாய்த்துத்தான் ஓட்ட வேண்டும். நேராக நிமிர்ந்தால் சோளக்காட்டுக்குள் கொண்டுபோய்விடும். எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து போனதில், ரோடே சாய்ந்திருக்கிறது என்று எனக்குப் பட்டது. மேகம் மலைப் பக்கமிருந்து கிளம்பி, எங்கள் தலைக்கு மேலே போய், மழை பெய்ய மறந்து கிழக்கே போய்க்கொண்டிருந்தது. எனக்கு என்னவோ சந்தோஷமாக இருந்தது. பத்து மணிக்குள் போய்விடலாம் என்றும் இருந்தது.

அங்கேதான் ரோட்டோரத்தில் ஒருவர் துண்டை வீசிக்கொண்டு நின்றார்.

"ஏனுங் மாப்ள, எங்க தடத்துல போறீங்க, ஊட்டுக்கு வராமப் போனா எப்புடிங்க?"

சின்னவருக்கு அவர் மாமா முறை. இந்த வழியைத் தேர்ந்தெடுத்ததே சின்னவர்தான். தெரிந்த ஊர்களாகப் போனால் பாதுகாப்பு என்று நினைத்திருக்கிறார். இந்த ஊர்க்காரனைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டாத தப்பு அது. தெரிந்த ஊர் என்றால் சொந்தக்காரர் ஊர், சொந்தக்காரர் ஊர் என்றால் சாப்பிடாமல் தாண்ட முடியாது. சின்னவரின் அம்மா முந்தின நாளே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார், பையன் சைக்கிள்ல வாரான் என்று.

"தண்ணி மட்டும் குடிச்சுப்போட்டுக் கெளம்பலாமுங்க," என்று சின்னவர் எங்களிடம் சொன்னார். தோட்டத்து வீட்டுக்குப் போனால் தண்ணீர் வாழை இலையில் சந்தகையாக வந்தது. இடியாப்பம் மாதிரி அப்போதுதான் பிழிந்தது, ஆவி பறக்க. தேங்காய்ப்பால், நாட்டுச்சர்க்கரை. ஒரு வாய் போட்டுக்கொண்டு எழுந்துவிடலாம் என்று உட்கார்ந்தவர்கள் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. பொய் சொல்வானேன், அது அவ்வளவு நன்றாக இருந்தது.

கிணத்துக்கடவு மலைக்கோயில் கண்ணுக்குத் தெரிந்தபோது அடுத்த துண்டு. அவர் பெரியப்பா முறை. அங்கே ஒப்புட்டு, அதாவது போளி, சுட்டு அடுக்கி வைத்திருந்தார்கள். தட்டில் வைத்து அதன் மேலே நெய்யை ஊற்றிய அம்மாவிடம் "போதுமுங்க" என்று கையை நீட்டினேன். கைக்கு மேலேயே ஊற்றினார். ஆடியில் கல்யாணம் காட்சி ஒன்றும் கிடையாது, விருந்தாளி வராத மாதம். பாவம், ஏங்கிப்போயிருந்திருக்கிறார்கள் போல. பொள்ளாச்சி தாண்டியதும் அத்தை வீடு. "சோறு வடிச்சாச்சுங்க, இனி என்ன பண்றது?" என்று வாசலில் நின்றார் அத்தை. அரிசிம்பருப்பு சாதம், அதற்கும் நெய், அப்புறம் கெட்டித் தயிர்.

அங்கே என் பொறுமை போய்விட்டது. கை கழுவுகிற இடத்தில் சின்னவரைப் பிடித்தேன். "தம்பி, பள்ளிக்கூடத்துக்குப் போறமா, இல்ல இப்படியே ஒவ்வொரு ஊடா ஏறி எறங்கறமா?"

"இதோ கெளம்பிரலாமுங்கக்கா," என்றார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. வேண்டாம் என்ற வார்த்தை அவர் வாயில் வராது. யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. நான் போனை எடுத்து டீச்சரைக் கூப்பிட்டேன். எனக்கே அழுகை வருகிற மாதிரி இருந்தது.

"பரவாயில்லீங்க, மெதுவா வாங்க," என்று அதே மெல்லிய குரல். "ரோட்டுல வண்டி சத்தம் கேட்டா எந்திரிச்சு நின்னு பாட ஆரம்பிச்சுருதுங்க. லாரிக்கு ஒருக்கா, பால் வண்டிக்கு ஒருக்கான்னு பாடிப்போட்டுக் களைச்சுப் போச்சுங்க. இப்பத்தான் சோறு போட்டேன்."

அதற்கப்புறம் போன பாதை எனக்குச் சரியாக ஞாபகமில்லை. கனவில் போன மாதிரிதான் இருக்கிறது. மெயின் ரோட்டை விட்டு வாய்க்கால் கரையில் இறங்கினோம். இரண்டு பக்கமும் தென்னை, மேலேயும் தென்னை. வெயில் துண்டு துண்டாக விழுந்து, காற்றில் அந்தத் துண்டெல்லாம் மண் ரோட்டில் நகர்ந்துகொண்டே இருந்தது. ஓலைச் சத்தம் அப்படியே மழைச் சத்தம். மழை வருகிறது என்று நிமிர்ந்து பார்ப்பேன், வானம் வெளேரென்று இருக்கும். மறுபடியும் மழை பெய்கிறதே என்று நிமிர்வேன். முன்னால் போன சைக்கிள்களின் சங்கிலிச் சத்தம் மட்டும். மிதித்துக்கொண்டே கண்ணை மூடினால் தூங்கிவிடலாம் போலிருந்தது. எனக்கா தூக்கம் என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டேன்.

பள்ளி வாசலில் சின்னச் சின்னச் செருப்புகள் வரிசையாக இருந்தன. உள்ளே சத்தமே இல்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு பெண் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வெளியே வந்தாள். முப்பது வயது இருக்கும். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள். "வாங்க, வாங்க," என்று கைகூப்பினாள். குரல் போனில் கேட்டதைவிடவும் மெல்லியதாக இருந்தது.

கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். நீளமான அறை. ஜமுக்காளம் விரித்து இரண்டு வரிசையாகப் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. எங்களுக்காகச் செய்த காகிதக் கிரீடத்தை யாரும் கழற்றவில்லை. சிலதுக்குக் கழுத்துக்கு இறங்கியிருந்தது, சிலதுக்குக் கன்னத்துக்கு அடியில் நசுங்கியிருந்தது. உத்தரத்தில் கட்டிய தூளியில் கைக்குழந்தை ஒன்று. மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. ஒரு ராஜ்ஜியத்தில் ராஜாக்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தூங்கிப்போய்விட்ட மாதிரி இருந்தது.

சின்னவரும் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் கவனித்தேன். மேனேஜர் சொன்னது அப்படியே கண் முன்னால் கிடந்தது.

"ஏனுங்க டீச்சர், சித்த எழுப்பலாமுங்களா? ஒரு பாட்டு மட்டும். போட்டோ எடுத்துப்போட்டுக் கெளம்பிர்றோம்," என்றார்.

"எழுப்பிப்போடலாமுங்க," என்றாள் டீச்சர். "வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல மோர் குடிங்க."

சொம்பில் மோர் வந்தது. சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் போட்ட மோர். குடித்தோம். அவள் டம்ளர்களை வாங்கிக் கழுவி வைத்தாள்.

"இப்ப எழுப்பலாமுங்களா?"

"எழுப்பிப்போடலாமுங்க. அந்த ஷூவை மட்டும் கழட்டிப்போடுங்க, சத்தம் கேக்குது." எல்லோரும் ஷூவைக் கழற்றினார்கள். அவள் அவற்றை எடுத்து அந்தச் சின்னச் செருப்புகளுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தாள். ஒவ்வொரு ஜோடியாக, அவசரமே இல்லாமல்.

எனக்குப் புரிந்துவிட்டது. இவள் எழுப்ப மாட்டாள். 'மாட்டேன்' என்று சொல்லவும் மாட்டாள். எதிரில் நிற்கிற சின்னவரும் அதே பேச்சில் வளர்ந்த ஆள், அவருக்கும் கொஞ்சம் புரிந்திருக்கும். ஆனால் 'எழுப்புங்க' என்று அதட்ட அவருக்கும் வாய் வராது. இரண்டு பேரும் மரியாதையாகவே ஆளை ஆள் மடக்கிக்கொண்டு நின்றார்கள். நடுவில் எனக்குத்தான் உயிர் போய் உயிர் வந்தது.

டீச்சரைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். "அம்மணி, எழுப்பிரு. இன்னிக்கு ஒரு நாள்தான். இதுங்க தூங்கிட்டே இருக்குதுன்னுதான் பள்ளிக்கூடத்த நிறுத்தலாம்னு இருக்காங்க. இப்பவும் தூங்குறதப் பாத்துட்டுப் போனா அவ்வளவுதான். காலைல உங்கிட்ட சொல்ல வாய் வரல."

அவள் குழாயில் ஒழுகிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தெரியுமுங்கக்கா. மேனேஜர் போனப்பவே தெரிஞ்சுபோச்சு," என்றாள். "இதுங்க குடியிருக்கற அந்த மில்லு லைன் ஊடு பாத்திருக்கீங்களா? மில்லுச் செவுத்த ஒட்டியே இருக்குது. ராத்திரியும் மிஷின் ஓடுது. செவுரே அதிருதுங்க. நார்த் தூசில இருமிட்டே கெடக்குதுங்க. அதுங்களுக்குத் தூக்கமே இங்கதானுங்க. வந்த புதுசுல சும்மாவே அழுதுட்டு இருக்கும். நான் மொதல்ல பாட்டுச் சொல்லித் தரலீங்க. தூங்கத்தான் வெச்சேன்." கண் கலங்கியிருந்தது. குரல் மட்டும் ஏறவே இல்லை. "பாட்டு நாளைக்குக்கூடப் பாடலாமுங்க."

தூக்கம் போனவளிடம் வந்து இதைச் சொல்கிறாள். சுவர் அதிர்கிற வீடு எனக்குத் தெரியாததா? எங்கள் சுவர் வண்டி போகும்வரைக்கும்தான் அதிரும். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஏசப்பா, இவளைக் கைவிட்டுவிடாதே என்று மனதுக்குள் சொன்னேன். வேறு ஒன்றும் செய்யத் தோன்றவில்லை.

நாங்கள் திரும்பி வந்தபோது எங்கள் ஆட்கள் ஆளுக்கொரு தென்னை அடியில் உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். சின்னவர் மட்டும் போனைக் கையில் வைத்துக்கொண்டு அறைக்குள் சுவரோரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"தானா எந்திரிச்சுருமில்லீங்க?" என்று கிசுகிசுத்தார்.

"எந்திரிச்சுருமுங்க. நீங்க உக்காருங்க," என்று டீச்சர் அவர் முதுகுக்கு ஒரு பாயைச் சுருட்டி வைத்தாள்.

சந்தகை, ஒப்புட்டு, பருப்பு சாதம், நெய், தயிர், அதற்கு மேலே மோர். ஆடிக் காற்றில் மிதித்த கால். மெதுவாகச் சுற்றுகிற மின்விசிறி. ஓலை மழை. வெளியே முதல் குறட்டை எழுந்தது. சின்னவர் தலை ஒரு தடவை தொங்கியது. நிமிர்ந்தார். மறுபடியும் தொங்கியது. மெல்லச் சரிந்து, சுருட்டிய பாயில் தலை வைத்து, வரிசையின் கடைசியில் ஒரு பெரிய பிள்ளையாகப் படுத்துவிட்டார். போன் கையிலிருந்து நழுவி ஜமுக்காளத்தில் விழுந்தது. டீச்சர் அதை எடுத்துச் சத்தத்தை அணைத்து ஜன்னலில் வைத்தாள்.

நான் தூளிக்குப் பக்கத்தில் சும்மாதான் சாய்ந்தேன். காவலுக்கு ஒரு ஆள் முழித்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். பிள்ளைகளின் மூச்சு ஒன்று ஏறும்போது ஒன்று இறங்கியது. அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். எங்கேயோ கூட்ஸ் வண்டி போனது. பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது, பாத்திரமெல்லாம் நடுங்கியது, அம்மா அடுப்படியில் ஏதோ சொன்னாள், நான் புரண்டு படுக்கவில்லை. எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியாது. நான் தூங்கினேன். அப்படி ஒரு தூக்கம்.

கண் விழித்தபோது அறையில் வெளிச்சம் வேறு மாதிரி இருந்தது. பிள்ளைகள் எல்லாம் எழுந்துவிட்டிருந்தன. எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு கிரீடத்தோடு வரிசையாக உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றும் பேசவில்லை. ஒரு பொடியன் சின்னவர் வாயைத் திறந்து தூங்குவதைப் பார்த்துச் சிரிக்கப் போனான். பக்கத்துப் பையன் அவன் வாயைக் கையால் பொத்தினான். அவனுக்குச் சிரிப்பு கண் வழியாக வந்தது. ஆனாலும் சத்தம் வரவில்லை.

மேற்கு ஜன்னலில் வெயில் இறங்கியிருந்தது. ஜன்னல் ஓரமாக ஒரு சிறுமி நின்றுகொண்டிருந்தாள். நாலு வயது இருக்கும், ஒடிசாக் குடும்பத்துப் பிள்ளை என்று பிறகு சொன்னார்கள். எதற்கு நிற்கிறாள் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. அவள் நிழல் சின்னவர் முகத்தில் விழுந்திருந்தது. கிரீடம் வைத்த நிழல். வெயில் கொஞ்சம் நகர்ந்து அவர் கண் ஓரத்தைத் தொட்டதும், அவள் ஒரு கால் எடுத்து வைத்து நகர்ந்தாள். நிழல் மறுபடியும் கண்ணை மூடியது. கால் மாற்றி மாற்றி நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியவில்லை.

நான் வாசலில் இருந்த டீச்சரைப் பார்த்தேன். சின்னவரைக் காட்டி, எழுப்பட்டுமா என்று உதட்டை அசைத்தேன்.

"எழுப்பிப்போடலாமுங்க," என்று அவளும் உதட்டை அசைத்தாள். அசையாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அவராகத்தான் விழித்தார். முதலில் எங்கே இருக்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. மேலே பார்த்தார். வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு கிரீடத்தோடு ஒரு சின்ன உருவம். கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

"ஏன் கண்ணு இங்க நின்னுட்டு இருக்கீங்க?"

அந்தப் பிள்ளை யோசித்தது. அதற்குத் தமிழ் இந்தப் பள்ளியில் கற்ற தமிழ்தான்.

"வெயிலுங்க," என்றது.

சின்னவர் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். தரையில் விழுந்த அவள் நிழலைப் பார்த்தார். சுவரோரம் வாயைப் பொத்திக்கொண்டிருந்த வரிசையைப் பார்த்தார். அவர் எழுந்துவிட்டார் என்று உறுதியானதும்தான் பிள்ளைகளுக்கு வாய் திறந்தது. அத்தனை நேரம் அடக்கி வைத்த சத்தம் ஒன்றாக வெளியே வந்ததில் தூளியில் இருந்தது வீரிட்டது, தென்னை அடியில் கிடந்தவர்கள் துள்ளி எழுந்தார்கள். பிறகு பிள்ளைகள் பாட்டும் பாடின. மாம்பழமோ மயிலோ, ஏதோ ஒரு பாட்டு. நசுங்கிய கிரீடம் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சின்னவர் கைதட்டினார். போட்டோ எடுக்க மறந்துவிட்டார். போன் ஜன்னலிலேயே இருந்தது, கிளம்பும்போது டீச்சர்தான் எடுத்துக் கொடுத்தாள்.

சைக்கிளை ஏற்றிக்கொண்டு போக டெம்போ மெயின் ரோட்டில் நின்றது. அதுவரைக்கும் தள்ளிக்கொண்டு நடந்தோம். நார் மில்லைத் தாண்டும்போது மிஷின் சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. சுவரை ஒட்டிய லைன் வீடுகளின் முன்னால் துணி காய்ந்தது, அதன் மேலெல்லாம் பழுப்பாகத் தூசி. சின்னவர் நின்றார். ஒரு வீட்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கையை எடுக்காமலே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ராத்திரியும் ஓடுதுங்களா அக்கா?"

"ஓடுதுங்க தம்பி."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு நடந்தார். சத்தம் பின்னால் தேய்ந்து, ஓலை மழை மறுபடியும் கேட்கிற இடத்துக்கு வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. கேட்டால் பாக்கலாமுங்க என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்திலேயே கேட்டேன்.

"தம்பி, அடுத்த வருசம் அந்தப் பள்ளிக்கூடம் இருக்குங்களா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை, சைக்கிள் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இருக்கும்."

நான் காத்திருந்தேன். அதற்குப் பின்னால் ஒன்றும் வரவில்லை. அவர் டவுசர் போட்ட காலத்திலிருந்து அவரைத் தெரியும், 'ங்க' இல்லாமல் அவர் என்னிடம் பேசியது அந்த ஒரு தடவைதான்.